தீயைக் கண்டுபிடித்தது யார் என்று மாணவர்கள் கேட்டால்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆதிமனிதன் கல்லோடு கல்லை உரசித் தீயைக் கண்டுபிடித்தான் என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விடுவதாக இல்லை. “அது காட்டுத்தீ இல்லை என்று எப்படித் தெரியும்? தீ வந்ததால் மனிதர்கள் எப்படி மாறினார்கள்?” என்று துளைக்கிறார்கள். ஒரு பாடவேளைக்குள், கையில் எதையாவது காட்டி விளக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். யாரோ ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்ததுபோல் ஆரம்பிப்பதால்தான் பாடம் சிக்கிக்கொள்கிறது. கரும்பலகையில் மூன்று தலைப்புகள் எழுதுங்கள்: எங்கோ எரிகிற தீயைப் பயன்படுத்துவது, அதை அணையாமல் காப்பது, வேண்டும்போது புதிதாக மூட்டுவது. முதல் தலைப்புக்கும் மூன்றாவதற்கும் நடுவே பல லட்சம் ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும். சமுதாயத்தை வடித்ததில் நடுவில் இருக்கும் ‘காப்பது’ என்பதற்குத்தான் பெரும்பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

காட்டுத்தீ கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகை நல்ல பதில். வாசலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, 10 லட்சம் ஆண்டுப் பழைய மண்ணடுக்கில், செடிகொடிகளின் சாம்பலும் எரிந்த எலும்புத் துணுக்குகளும் இருந்தன. ஆய்வாளர்கள் மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, பிசின் ஊற்றி இறுக வைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எலும்புத் துணுக்குகளின் விளிம்புகள் தேயாமல் கூராகவே இருந்தன. காற்றோ தண்ணீரோ அடித்துக்கொண்டு வந்திருந்தால் மழுங்கியிருக்கும். மின்னலும் குகைக்குள் அவ்வளவு தூரம் வந்து விழாது. இந்த முடிவு 2012இல் வெளியானது.

இஸ்ரேலில், யோர்தான் ஆற்றங்கரையில் உள்ள கெஷெர் பெனோட் யாகோவில் வேறு வகைத் துப்பு கிடைத்தது. சுமார் 7.8 லட்சம் ஆண்டுப் பழைய கற்சில்லுகளில் மிகச் சிறு பங்குதான் தீயில் வெந்திருந்தது. அவையும் ஆங்காங்கே கும்பலாகக் கிடந்தன. காட்டுத்தீ என்றால் எல்லாமே வெந்திருக்குமே என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொல்லவிடுங்கள்.

இப்போது கையில் காட்டும் பொருள். கோழி எலும்புகள் சிலவற்றைக் கழுவிக் காயவைத்து, வீட்டு வாசலில் விறகு அடுப்பில் போடுங்கள். நாற்றம் வரும், அதனால் வகுப்பில் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் ஒன்றை எடுத்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். நல்ல தணலில் நெடுநேரம் கிடந்தது சாம்பல் நிறமாகி, பிறகு வெளுத்துவிடும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். எரியாதது, கறுத்தது, வெளுத்தது என மூன்றையும் வரிசையாக வைத்து, எது அதிகச் சூடு கண்டது என்று கேளுங்கள். அகழாய்வுக் குழியில் எலும்பைப் பார்த்ததும் தொல்லியல் ஆய்வாளர்களான நாங்கள் போடும் முதல் கணக்கும் இதுதான். அப்புறம் ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்வோம்.

தீ மூட்டுவதற்கான பழைய தடயம் இங்கிலாந்தின் பார்ன்ஹாமில் கிடைத்திருக்கிறது. 4 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெந்த களிமண்ணோடும் சூட்டில் வெடித்த கல் கைக்கோடரிகளோடும் இரண்டு பைரைட் துண்டுகள் இருந்தன. இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தக் கல்லில் தட்டினால் பொறி பறக்கும். அந்த வட்டாரத்தில் அது அரிது என்பதால், தீ மூட்டவே யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் பாடப்புத்தகத்துக்கு இது புதுச் செய்தி; 2025 இறுதியில்தான் வெளியானது.

சரி, மூட்டத் தெரியாவிட்டால்? 19ஆம் நூற்றாண்டில் அந்தமானில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி இ. எச். மேன், அங்கிருந்த மக்கள் புதிதாகத் தீ உண்டாக்குவதில்லை, புகையும் கட்டையைப் போகுமிடமெல்லாம் கொண்டுபோய்க் காக்கிறார்கள் என்று பதிவு செய்தார். அப்படிக் காப்பதற்கு ஆள் வேண்டும். ஒருவர் விறகு பொறுக்கப் போனால் இன்னொருவர் தணலைப் பார்க்க வேண்டும். இரவில் முறை வைத்து விழிக்க வேண்டும். மழைக்கு முன்பே காய்ந்த சுள்ளியை ஒதுக்கிவைக்க வேண்டும். விறகு கொண்டுவராதவனுக்கும் குளிர் காய இடம் உண்டா என்ற சண்டையும் வந்திருக்கும்! முறை, பங்கு, நாளைக்கான சேமிப்பு, நம்பிக்கை எல்லாவற்றையும் மனிதர்கள் பழகிக்கொள்ளத் தீ ஒரு களமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, பேச்சு. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் ஜூஹோவான்சி மக்களின் உரையாடல்களை மானிடவியலாளர் பாலி வீஸ்னர் பகல், இரவு எனப் பிரித்து ஆராய்ந்தார். பகலில் வேட்டை, பங்கீடு, குறை, புறணி. கதை 6 சதவீதம்தான். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்ததும் கதை 81 சதவீதமாகிவிடுகிறது. தொலைவில் இருக்கும் உறவினர், பழைய பயணங்கள், திருமணங்கள் என்று நேரில் இல்லாதவர்களைப் பற்றிய பேச்சாக அது இருக்கும். இருட்டில் வேலை செய்ய முடியாது, தூங்கவும் நேரமாகவில்லை. அந்த இடைவெளியைத் தந்தது தீ.

சமையலைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் தேவை. வேகவைத்த உணவால் பல்லும் குடலும் சிறுத்து, மூளை வளர வழி கிடைத்தது என்பது மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் கருத்து. சிம்பன்சி நாளில் சுமார் 6 மணி நேரம் மென்றுகொண்டே இருக்கிறது என்பதை நினைத்தால் நம்பத் தோன்றும். ஆனால் அவர் சொல்லும் மாற்றம் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அவ்வளவு பழைய, ஐயமற்ற தீத்தடயம் இல்லை. அதனால் ‘கருதுகோள்’ என்றே எழுதிப்போடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு வேலை. வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். மழைக்காலம், ஒரு குகை, எரிகிற ஒரே ஒரு கட்டை, மூட்டத் தெரியாது. மூன்று நாள் அது அணையக்கூடாது. யார் விழிப்பது, யார் விறகுக்குப் போவது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு என்ன வேலை, தூங்கிவிட்டவனை என்ன செய்வது என்று ஒவ்வொரு குழுவும் விதி எழுதட்டும். எழுதியதைச் சத்தமாக வாசிக்கவிட்டு, ஒரு குழுவின் விதியை இன்னொரு குழு கேள்வி கேட்கட்டும்.