கடிதத்தை விரித்து வைத்த ராஜா: கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் வேதபாடத்தில் மூன்று வாரமாக, எருசலேமிலிருந்து யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவைப் படித்தோம். 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரை, 2 நாளாகமம் 29 முதல் 32 வரை. சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றேன். பிஸ்கட் டப்பா நிரம்பிவிட்டது. நான் போதகர் இல்லை, ரிட்டையர் ஆன வாத்தியார். தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

காட்பாடி தம்பி: ஐயா, எங்க அப்பா பெரிய குடிகாரர். "அப்பன் புத்தி எங்க போகும்"னு சொந்தக்காரங்க என்னையும் சேர்த்தே பேசுறாங்க.

எசேக்கியாவின் அப்பா ஆகாஸ், பெற்ற பிள்ளையையே தீயில் போட்டவன். ஆலயக் கதவைப் பூட்டியவனும் அவன்தான். மகன் 25 வயதில் பட்டத்துக்கு வந்து, முதல் வருஷம் முதல் மாசமே அந்தக் கதவைத் திறந்து பழுதுபார்த்தான். உள்ளே சேர்ந்திருந்த அசுத்தத்தை அள்ளிக் கீதரோன் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டு முடிக்க 16 நாள் ஆயிற்று. அப்பாவைத் திட்டிக்கொண்டு அவன் நிற்கவில்லை, துடைப்பத்தை எடுக்கச் சொன்னான். சொந்தக்காரர்கள் பேச்சு இருக்கட்டும் தம்பி.

வேலூர் சகோதரி: அம்மாவுக்கு சிஎம்சியில ஆபரேஷனுக்கு தேதி குடுத்திருக்காங்க. "மருந்து வேணாம், விசுவாசத்துல நில்லுங்க"ன்னு ஒரு ஊழியக்காரர் சொல்றார். எசேக்கியா ஜெபம் பண்ணித்தானே சுகமானார்?

2 இராஜாக்கள் 20-ஐ இன்னொரு தரம் நிதானமாகப் படியுங்கள் அம்மா. பிழைக்கமாட்டீர் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதும் ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறார். அரண்மனையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்த ஏசாயா பாதி முற்றம் தாண்டுவதற்குள் கர்த்தர் திருப்பி அனுப்புகிறார்: கண்ணீரைக் கண்டேன், 15 வருஷம் கூட்டுவேன். வாக்கு வந்துவிட்டது. அடுத்த வரியில் அதே ஏசாயா என்ன கேட்கிறார்? "அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள்." பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள், அவர் பிழைத்தார். வாக்குத்தத்தம் இருக்கும்போது பற்று எதற்கு என்று அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வேறு ஊரில் இப்படிச் சொன்னாலாவது பரவாயில்லை, வேலூரில் நின்றுகொண்டு சொல்கிறாரே! சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கியது ஜெபம் போதவில்லை என்றா? "ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய" என்கிற வேதவசனம்தானே அந்த ஆஸ்பத்திரியின் குறிக்கோள். ஆபரேஷன் தேதியை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நாங்கள் நாலு பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம்.

குடியாத்தம் அண்ணன்: அசீரியப் படை முற்றுகைக்கு முன்னாடி எசேக்கியா ராஜா தண்ணிக்காக வாய்க்கால் வெட்டினார். ஆனா ஏசாயா 22:11-ல அதே மாதிரி வேலையைக் கண்டிக்கிற மாதிரி இருக்கே? வெட்டினது தப்பா?

டப்பாவில் இருந்த கேள்விகளில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது இதுதான். வசனத்தைக் கடைசிவரை வாசியுங்கள் அண்ணே. அகழ் வெட்டியதை அவர் குறை சொல்லவில்லை. வெட்டிவிட்டு, அதையெல்லாம் செய்தவராகிய கர்த்தரை ஏறெடுத்துப் பார்க்காததைத்தான் சொல்கிறார்.

வாய்க்கால் சாதாரணமானதல்ல. கீகோன் ஊற்று எருசலேம் மதிலுக்கு வெளியே இருந்தது. எதிரி வந்தால் முதலில் அதைப் பிடிப்பான். அதனால் பாறைக்கடியில் சுமார் 533 மீட்டர் குடைந்து சீலோவாம் குளத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கூட்டம் குடைந்து வந்தது. 1880-ல் சுவரில் ஒரு கல்வெட்டு அகப்பட்டது: இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது, பாறைக்கு அந்தப் பக்கம் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது என்று எழுதியிருக்கிறது. அதில் ராஜா பெயரே கிடையாது, கொத்தினவர்கள் கதைதான். நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனர்களை நினைத்துக்கொள்வேன்.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோண்டுகிற கை தண்ணீரைப் படைப்பதில்லை, தோண்டாமல் குடமும் நிரம்புவதில்லை. பல நூறு வருஷம் கழித்து, பிறவிக்குருடனை "போய்க் கழுவு" என்று இயேசு அனுப்பினதும் அதே சீலோவாமுக்குத்தான்.

ராணிப்பேட்டை, தோல் ஷாப்பில் வேலை செய்பவர்: பைனான்ஸ்காரங்க நோட்டீஸ் அனுப்பிட்டாங்க. வீட்டுல காட்டவே பயமா இருக்கு.

அசீரிய ராஜா சனகெரிப் மிரட்டினபோது, எசேக்கியாவும் முதலில் பணத்தைக் கொடுத்துத்தான் தப்பிக்கப் பார்த்தார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஆலயக் கதவில் தாமே அடித்திருந்த பொன்தகட்டையே உரித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு எதிரி சும்மா இருந்தானா? படையை அனுப்பினான். "2,000 குதிரை தருகிறேன், ஏற ஆள் இருக்கிறதா?" என்று மதிலுக்கு வெளியே நின்று கிண்டல் வேறு. பிறகு கடிதம். அதை ராஜா ஒளித்து வைக்கவில்லை, ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார்.

என் மகளின் காலேஜ் ஃபீஸ் சீட்டை நானும் ஒரு ராத்திரி பாயில் விரித்து வைத்து முழங்கால் போட்டிருக்கிறேன். விளக்கைப் போட்டது என் மனைவி. அன்றுவரை அவளிடமும் சொல்லாமல் இருந்தேன். எசேக்கியாவும் தனியாகச் சுமக்கவில்லை, ஏசாயாவிடம் ஆள் அனுப்பி எங்களுக்காக ஜெபியுங்கள் என்றார். முதலில் வீட்டில் காட்டுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மிரட்டினால் வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள். அவனுக்கு பதில் பேச வேண்டாம் என்று ராஜாவும்தான் உத்தரவு போட்டிருந்தார்.

ஆற்காடு சகோதரர்: ஜெப எண்ணெய் பாட்டிலை வீட்டுல வச்சு ஊதுவத்தி காட்டுறாங்க சிலர். கேட்டா "தேவ மனுஷர் குடுத்தது"ங்கறாங்க.

வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க வெண்கலச் சர்ப்பத்தைக் கர்த்தரே செய்யச் சொன்னார், மோசேயே செய்தார். அதைவிடப் பெரிய சிபாரிசு உண்டா? அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினதும் எசேக்கியா உடைத்துப்போட்டார், "நிகுஸ்தான்" என்று பெயரும் வைத்தார். வெறும் வெண்கலத்துண்டு என்கிற மாதிரி. யோவான் 3:14-ல் இயேசு தம்மையே அந்தச் சர்ப்பத்தோடு ஒப்பிட்டார், ஆகவே உடைந்தது உலோகம் மட்டும்தான். ஆனால் அடுத்தவர் வீட்டு பாட்டிலை நீங்கள் போய் உடைக்காதீர்கள், சண்டை வரும்.

பெயர் எழுதாத வாலிபர்: அவ்வளவு நல்ல ராஜா பாபிலோன்காரங்க கிட்ட ஏமாந்துட்டாரே?

ஏமாறவில்லை, பெருமையடித்தார். சுகம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பொக்கிஷ அறை முழுக்கத் திறந்து காட்டினார். அசீரியப் படையை எதிரில் பார்த்தபோது முழங்காலில் நின்றவர், விருந்தாளி வந்தபோது ஜெபித்ததாக ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் கஷ்டகாலத்தைவிட பென்ஷன் அரியர் வந்த மாசம்தான் ஜெபம் குறைந்தது.

சேண்பாக்கம் அம்மா: 2 இராஜாக்கள் 18:6-ல "கர்த்தரைச் சார்ந்திருந்து"ன்னு இருக்கு. அவ்வளவு சார்ந்திருந்தவருக்கு மனாசே மாதிரி மகனா? என் மகன் பெங்களூர் போனதிலிருந்து சர்ச் பக்கமே போறதில்ல.

அங்கே வரும் எபிரெயச் சொல், ரூத் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டாள் என்கிற இடத்தில் வருகிற அதே சொல். அப்படிப் பற்றியிருந்தவருக்குத்தான் மனாசே பிறந்தான். 12 வயதில் பட்டத்துக்கு வந்தான் என்றால், கூட்டிக் கிடைத்த அந்த 15 வருஷத்துக்குள் பிறந்த பிள்ளை. 55 வருஷம் ஆண்டான், அப்பா இடித்த வழிபாட்டு மேடைகளைத் திரும்பக் கட்டினான். ஆனால் 2 நாளாகமம் 33-ஐயும் வாசியுங்கள். அசீரியர்கள் விலங்கு போட்டுப் பாபிலோனுக்கு இழுத்துப்போன பிறகு, அங்கே தன்னைத் தாழ்த்திக் கெஞ்சினான், கர்த்தர் கேட்டார். எசேக்கியா கண்ணை மூடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அம்மா. மகன் ஜெபித்ததை அவர் பார்க்கவே இல்லை.

உங்கள் மகன் பெயரைச் சீட்டில் எழுதவில்லையே. வெள்ளிக்கிழமை வரும்போது சொல்லுங்கள், வேதபுத்தகத்தில் குறித்துக்கொள்கிறேன்.