சரக்குக் கப்பல் மாலுமிகளுக்குத் துப்பாக்கி கொடுக்காதது ஏன்? கொள்ளையர் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கொள்ளையரை எதிர்த்து நின்று சுடுவதுதான் கப்பலின் தற்காப்பு என்ற எண்ணத்தில் இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம். வணிகக் கப்பல்களில் தள அதிகாரியாகப் பணியாற்றி, சில ஆண்டுகள் கப்பல் பாதுகாப்பு அதிகாரி என்ற கூடுதல் பொறுப்பையும் சுமந்தவன் என்ற முறையில் சொல்வதானால், எங்களுக்குக் கற்றுத்தரப்பட்டதெல்லாம் நேரத்தை இழுத்தடிக்கும் வித்தைதான். படகு கண்ணில் பட்டதிலிருந்து கொள்ளையர் தளத்தில் கால் வைக்கும் வரை பெரும்பாலும் அரை மணி நேரம்கூட இருப்பதில்லை. அந்த அரை மணியை ஒன்றரை மணியாக நீட்டிவிட்டால், பலர் சலித்துப்போய் வேறு கப்பலைத் தேடிப் போய்விடுவார்கள்.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. ஒரு கப்பல் ஒரே பயணத்தில் நான்கைந்து நாடுகளின் துறைமுகங்களுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு நாட்டின் ஆயுதச் சட்டமும் வேறு. எண்ணெய், எரிவாயு ஏற்றும் கப்பல்களின் தளத்தில் தீப்பொறியே கூடாது என்னும்போது துப்பாக்கிச் சண்டையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் பழுதுபார்க்கவும் கப்பல் ஓட்டவும் பயின்ற இருபது பேரை, ஏகே துப்பாக்கியும் ராக்கெட் எறிகுண்டும் வைத்திருப்பவர்கள் முன்னால் நிறுத்துவது அவர்களைச் சாகக் கொடுப்பதற்குச் சமம்.

சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த 2011ஆம் ஆண்டு வாக்கில், தனியார் ஆயுதக் காவலர்களை ஏற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அது பலன் தந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதன் விலையும் தெரிந்தது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடற்பகுதிக்கு அப்பால், என்ரிகா லெக்சி என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகு ஒன்றைக் கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் உயிரிழந்தனர். மறு ஆண்டு அக்டோபரில், காவலர்களையும் ஆயுதங்களையும் சுமந்து வந்த சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பல் தூத்துக்குடியில் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த 35 பேருக்குக் கீழ்நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்து, 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுவிக்கும் வரை வழக்கு இழுத்தது. தூரத்தில் வரும் சிறு படகில் இருப்பது வலையா, ஏணியா என்பதைத் தொலைநோக்கியில் பார்த்துத் தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பது கப்பலை இயக்கும் மேல்மாடமான பிரிட்ஜில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அந்த ஏணிதான் கொள்ளையரை நாங்கள் கண்டுகொள்ளும் அடையாளம். நுனியில் கொக்கி பொருத்திய இலேசான அலுமினிய ஏணியைக் கப்பலின் விளிம்பில் மாட்டித்தான் அவர்கள் ஏறுவார்கள். ஆகவே, நீர்மட்டத்திலிருந்து தளத்தின் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற இரண்டும்தான் அதன் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் ஏறுவது மிகக் கடினம் என்பது அக்காலத்து வழிகாட்டி நூல்களிலேயே இடம்பெற்ற செய்தி. நிலக்கரியோ தாதுவோ நிறைய ஏற்றிக்கொண்டு 12 நாட் வேகத்தில் தாழ்ந்து மிதந்து போகும் கப்பல்தான் அவர்களுக்கு வாய்த்த இரை. வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால், சுக்கானைச் சிறிது சிறிதாக இருபுறமும் திருப்பிப் பக்கவாட்டில் அலையை எழுப்புவோம். ஒரேயடியாகத் திருப்பினால் கப்பலின் சொந்த வேகம் குறைந்து, வந்தவனுக்கே வசதியாகிவிடும்.

சோமாலியாவுக்கும் ஏமனுக்கும் இடையிலுள்ள ஏடன் வளைகுடாவுக்குள் நுழைவதற்கு இரண்டு நாள் முன்பே முள்கம்பிச் சுருள்களைக் கட்டத் தொடங்குவோம். தடித்த தோல் கையுறை போட்டிருந்தாலும் யாராவது ஒருவருடைய முழங்கை கிழியாமல் அந்த வேலை முடிந்ததில்லை. தீயணைப்புக் குழாய்களை வெளிப்புறம் நோக்கிக் கட்டி நீரைப் பீய்ச்ச ஆயத்தமாக வைப்போம். கதவுகளை உட்புறம் தாழிட்டு, குடியிருப்புப் பகுதிக்குள் நுழைய ஒரே ஒரு வழியை மட்டும் விடுவோம்.

இத்தனையும் மீறி ஏறிவிட்டால் எஞ்சுவது சிட்டடல் என்று நாங்கள் அழைக்கும் காப்பறை. இயந்திர அறையிலோ சுக்கான் இயந்திர அறையிலோ அமைந்த அந்த இடத்தில் உணவு, நீர், வெளியுலகோடு பேச தனி ஆன்டெனாவுடன் கூடிய தொடர்புக் கருவி எல்லாம் இருக்க வேண்டும். உள்ளே போகுமுன் இயந்திரத்தை நிறுத்திவிட்டால், கொள்ளையன் கையில் அகப்படுவது நகராத இரும்பு மட்டுமே. இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: ஒருவர்கூட வெளியே விடுபடக் கூடாது. விடுபட்டால் அவரே பணயக்கைதி. கடற்படை மேலே ஏறத் தயங்கும். எங்கள் ஒத்திகை ஒன்றில் தலை எண்ணியபோது சமையல்காரரைக் காணவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வரலாம் என்று திரும்பிப் போயிருக்கிறார். கேப்டன் அவரைத் திட்டவில்லை, முழு ஒத்திகையையும் மறுபடி நடத்தச் சொன்னார். அதன்பிறகு, அடுப்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொறுப்பு வேறொருவருக்கு எழுதித் தரப்பட்டது.

காப்பறை எப்போதும் காக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. 2010 செப்டம்பரில் மெகல்லன் ஸ்டார் கப்பலின் மாலுமிகள் உள்ளே பூட்டிக்கொண்டிருக்க, அமெரிக்க மரைன் வீரர்கள் வந்து கப்பலை மீட்டனர். நான்கே மாதத்தில் பெலுகா நாமினேஷன் கப்பலில், உதவி வந்து சேருமுன் கொள்ளையர் காப்பறையை உடைத்துத் திறந்துவிட்டனர். அருகில் போர்க்கப்பல் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. 2024 ஜனவரியில் லீலா நார்ஃபோக் கப்பலின் 21 பேரும் காப்பறையில் இருந்தபடியே காப்பாற்றப்பட்டனர். இந்தியக் கடற்படையினர் ஏறிப் பார்த்தபோது கொள்ளையர் போய்விட்டிருந்தனர்.

சட்டத்தின் பங்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை எந்த நாட்டின் கடல் எல்லைக்கும் உட்படாத இடத்தில் நடப்பதையே கடற்கொள்ளை என்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் அதே செயல் நடந்தால் அது ஆயுதமேந்திய கொள்ளை. அதைக் கவனிக்க வேண்டியது அந்தக் கரையோர நாடு. சிங்கப்பூர் நீரிணையில் இரவில் ஏறி இயந்திர உதிரிபாகங்களைத் திருடிச் செல்வோர் பெரும்பாலும் இந்த வகையினர். விளக்கைப் போட்டு அபாயச் சங்கை ஊதினாலே பலர் குதித்து ஓடிவிடுவார்கள்.

துறைமுகங்களுக்கான பாதுகாப்பு விதிகள் கடற்கொள்ளையால் பிறந்தவையல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உருவாகி 2004 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பிலிருந்து வந்தவை. சர்வதேசப் பயணம் செய்யும் 500 டன் மொத்தக் கொள்ளளவுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களும், அவை வந்துசேரும் துறைமுக முனையங்களும் பாதுகாப்புத் திட்டம், பொறுப்பு அதிகாரி, மூன்று படிநிலை எச்சரிக்கை ஆகியவற்றைக் கொண்டிருக்க வேண்டும். கப்பலில் இரகசியப் பொத்தானும் உண்டு. அழுத்தினால் கப்பலில் எந்த ஒலியும் எழாது, செய்தி மட்டும் கரைக்குப் போய்விடும். முன்கூட்டித் தெரிவிக்காமல் அதைச் சோதித்துப் பார்த்து, நள்ளிரவில் நிறுவனத்தின் மொத்த அலுவலகத்தையும் எழுப்பிய அதிகாரிகளை எனக்குத் தெரியும்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் திட்டமெல்லாம் கடைசியில் ஏறுபடிக்கட்டின் அருகே நிற்கும் ஒரே ஒரு மாலுமியின் கவனத்தில் வந்து முடிகிறது. மழையில், 12 மணி நேர வேலைக்குப் பின், வருவோர் போவோரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுபவர் அவர்தான். பாதுகாப்புக்குக் கோடிகளைச் செலவிடும் நிறுவனங்கள், அந்த இடத்தில் இன்னோர் ஆளை நிறுத்தத் தயங்குவது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று.

இவற்றில் பெரும்பகுதி செங்கடலில் பயன்படாமல் போனது. 2023 நவம்பரில் கேலக்சி லீடர் கப்பலில் ஏமனின் ஆயுதக் குழுவினரான ஹூத்திகள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கினார்கள். முள்கம்பி விளிம்பில்தான் இருந்திருக்கும், வானத்தில் இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடென்ஸ் மீது பாய்ந்த ஏவுகணை மூன்று மாலுமிகளின் உயிரைப் பறித்தது. பல நிறுவனங்கள் செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பத்து நாட்கள் வரை கூடுதலாக ஓட்டத் தீர்மானித்தன. சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் பொருந்தும் கப்பல்களில், போர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் வர மாட்டேன் என்று சொல்லி, நிறுவனத்தின் செலவிலேயே ஊர் திரும்பும் உரிமை மாலுமிக்கு உண்டு; வருவதாக ஒப்புக்கொண்டால், அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாகும்.