'யால்' பிழையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இரண்டு வருடமாக அட்லாண்டாவில் படிக்கிறாள். இப்போது போனில் எங்கள் எல்லாரையும் சேர்த்து 'யால்' என்கிறாள். முப்பது வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்த எனக்குக் காது கூசுகிறது. ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' போதாதா? நான் திருத்துவது தவறா?

எம்.

அன்புள்ள எம். அவர்களுக்கு,

திருத்த வேண்டாம். அவள் இருக்கும் ஊரின் ஆங்கிலத்தைத்தான் பேசுகிறாள்.

'யூ' முதலில் பன்மைதான். ஒருவரை அழைக்க 'தவ்' இருந்தது. பெரியவர்களை மரியாதைக்காகப் பன்மையில் அழைத்து, அந்த மரியாதை எல்லாருக்கும் பரவி, 17ஆம் நூற்றாண்டுக்குள் 'தவ்' பொதுப்பேச்சிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது. தமிழும் இந்த வழியில் நடந்த மொழி. பழந்தமிழில் 'நீர்' பலருக்கு உரிய சொல். அது ஒருவருக்கான மரியாதையானது. பிறகு 'நீங்கள்' என்பதும் அப்படியே ஆனது. அதனால்தான் நாலு பேர் வந்தால் 'நீங்கல்லாம் எப்ப வந்தீங்க?' என்கிறோம். 'யூ ஆல்' சுருங்கிய 'யால்' வேறென்ன? நமக்காவது 'நீ' மிஞ்சியது.

ஒருவருக்கும் பலருக்கும் ஒரே 'யூ' என்ற ஆங்கிலத்தின் குறையை ஒவ்வொரு ஊரும் தன்னிடம் இருந்ததைக் கொண்டு தீர்த்துக்கொண்டது. ஐரிஷ் மொழியில் ஒருவருக்குத் 'தூ', பலருக்கு 'ஷிவ்'. ஆங்கிலத்துக்கு மாறிய அயர்லாந்துக்காரர்கள் அந்த வேறுபாட்டை விடவில்லை. பலரை 'யீ' என்றும் 'யூஸ்' என்றும் அழைத்தார்கள். 'யூஸ்' லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும்கூடக் காதில் விழும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்'. 'யூ ஒன்ஸ்' என்பதன் திரிபு, வட அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. அதை வைத்தே அவ்வூர்க்காரர்களுக்கு 'யின்ஸர்' என்று பெயர். கேலியாக இருந்த பெயரை இன்று டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

என்னை அதிகம் தொட்டது ஜமைக்காவின் 'உனு'. மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியில் 'உனு' என்றால் நீங்கள் எல்லாரும். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள். கூட இருப்பவர்களை அழைக்கும் சொல் மட்டும் பேரப்பிள்ளைகள் வாயில் தங்கிவிட்டது. இதையும் பிழை என்று அடிக்க எனக்குக் கை வராது.

பலரை அழைக்கும் இன்னொரு சொல்லான 'யூ கைஸ்' என்பது 1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸின் பெயரிலிருந்து வந்தது. ஆண்வாடை உள்ள சொல் என்று அதைத் தவிர்ப்பவர்கள் பலர், 'யால்' வழங்கும் அமெரிக்கத் தெற்கில் பிறக்காதவர்கள்கூட, இப்போது 'யால்' என்கிறார்கள்.

சரி, மகளிடம் ஒன்று கேளுங்கள். தனியாக வந்த ஒருவரைப் பார்த்தும் அங்கே 'யால்' என்பார்களா? அவர் வீட்டாரையும் சேர்த்துச் சொல்வதுதான் அது என்று தெற்கத்திக்காரர்கள் பலர் வாதாடுவார்கள். அவள் காதில் விழுந்ததை எனக்கும் எழுதுங்கள்.