வாசகர் கேள்வி – பதில்: சுவரோவியம் இடம்பெயர்ந்த மலைத் தேவாலயம்

கேள்வி: பார்சிலோனாவில் உள்ள கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில், தாவுல் என்ற மலைக்கிராமத்துத் தேவாலயத்தின் சுவரோவியத்தைப் பார்த்தேன். ஓவியம் அருங்காட்சியகத்திலும் கட்டடம் கிராமத்திலும் இருப்பது ஏன்? அந்தக் கட்டடம் எத்தகையது? (வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: நீங்கள் பார்த்தது சான்ட் கிளிமென்ட் தேவாலயத்தின் ஓவியம். ஸ்பெயினின் வடகிழக்கில், பிரனீஸ் மலைத்தொடரின் போயி பள்ளத்தாக்கில் தாவுல் கிராமம் இருக்கிறது. ஆயர் ராமோன் இந்தத் தேவாலயத்தை 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தினார் என்ற செய்தி, உள்ளேயிருந்த தூண் ஒன்றின் மீது வண்ணத்தால் எழுதப்பட்டிருந்தது. மறுநாளே அதே ஊரின் சாந்தா மரியா தேவாலயமும் அர்ச்சிக்கப்பட்டது. ஒரு சிற்றூரில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு தேவாலயங்கள் எழக் காரணமாக இருந்தது, அரகோன் அரசனின் போர்களில் பங்கேற்றுச் செல்வம் சேர்த்த எரில் பிரபுக் குடும்பத்தின் ஆதரவு.

கட்டடம் ரோமனெஸ்க் பாணியைச் சேர்ந்தது. தடித்த கற்சுவர், சிறிய ஜன்னல், அரைவட்ட வளைவு ஆகியவை அந்தப் பாணியின் அடையாளங்கள். அக்காலத் தேவாலயங்கள் பலவற்றில் கூரையும் கல் வளைவாகவே அமைந்து, அதன் எடையைத் தாங்குவதற்காகத் தூண்கள் பருத்து நிற்கும். தாவுலிலோ கூரை மரத்தாலானது. சுமை குறைவாக இருப்பதால், நடுக்கூடத்தையும் இரு பக்கக் கூடங்களையும் பிரிக்கும் உருண்டைத் தூண்கள் ஓரளவு ஒல்லியாக இருக்க முடிந்தது. அதனால் உள்ளே நிற்பவருக்கு மூன்று கூடங்களும் ஒரே மண்டபமாகத் தோன்றும். கிழக்கில் ஒவ்வொரு கூடமும் ஓர் அரைவட்டச் சுவரில் முடிகிறது. அந்தச் சுவர்களின் வெளிப்புறத்தில் வரிசையாக ஓடும் திறப்பில்லாத சிறு வளைவுகளும் மெல்லிய செங்குத்துப் பட்டைகளும், வட இத்தாலியின் லொம்பார்தியா கொத்தர்களின் மரபிலிருந்து வந்தவை. தனித்து உயரும் ஆறு நிலை மணிக்கோபுரத்தின் அழகுக்கும் இந்த வளைவுகளே காரணம் என்பது என் எண்ணம்.

நீங்கள் கண்ட ஓவியம் நடு அரைவட்டச் சுவரில் இருந்தது. வலக்கையை உயர்த்தி வீற்றிருக்கும் கிறிஸ்துவின் இடக்கையில் உள்ள புத்தகத்தில் ‘நானே உலகின் ஒளி’ என்ற பொருள் தரும் லத்தீன் சொற்கள் உள்ளன. வளைந்த பரப்புக்கென்றே வரையப்பட்ட உருவம் இது. பலிபீடத்தின் முன் நிற்பவரை நோக்கி அது சற்றே குனிவதுபோல் தோன்றுவதற்குச் சுவரின் வளைவும் உதவுகிறது.

இனி இடமாற்றத்தைப் பற்றி. 1907இல் கட்டடக் கலைஞர் ஜோசெப் புயிக் இ காதபால்க் தலைமையில் வந்த ஆய்வுக் குழுவினரால் இப்பகுதித் தேவாலயங்களின் மதிப்பு வெளியுலகுக்குத் தெரிந்தது. அறிஞர்களைத் தொடர்ந்து வியாபாரிகளும் வந்தார்கள். சாந்தா மரியா தெ மூர் தேவாலயத்தின் ஓவியம் 1919இல் விலைபோய், பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. எஞ்சியவையும் போய்விடும் என்று அஞ்சிய பார்சிலோனா அருங்காட்சியக வாரியம், 1919 முதல் 1923 வரை அவற்றை விலைக்கு வாங்கி, இத்தாலிய வல்லுநர்களைக் கொண்டு உரித்தெடுத்தது. ஓவியத்தின் மேல் விலங்குப் பசை தோய்த்த துணியை ஒட்டி, காய்ந்தபின் இழுத்தால், வண்ணப்படலம் துணியோடு வந்துவிடும். அதைப் புதிய தளத்தில் பதித்து, அருங்காட்சியகத்தில் அதே வளைவுடன் அமைத்தார்கள்.

அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும், சிறு ஜன்னலின் வழியே விழும் காலை வெளிச்சத்துக்காக வரையப்பட்ட ஓவியம் அந்த வெளிச்சத்தை இழந்தது பெரிய இழப்பு. நல்ல நோக்கம் அதை ஈடுசெய்துவிடாது. பள்ளத்தாக்கின் தேவாலயங்களை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தாவுலில் 2013 முதல், ஒளிக்கற்றையின் மூலம் பழைய ஓவியத்தை அதே சுவரில் காட்டுகிறார்கள். சில நிமிடங்களில் ஒளி அணைந்ததும், உரித்தபோது விடுபட்டுச் சுவரிலேயே தங்கிய மூல வண்ணத் துணுக்குகளைப் பார்க்கலாம்.