ஆப்பிள்-வாழைக் கொம்போட்: சிறுநீரகம் தாங்குமா?

கேள்வி: மாமியாருக்குச் சிறுநீரக நோய், நாலாம் கட்டம், டயாலிசிஸ் தொடங்கவில்லை. கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.6. பல் இல்லை, பழத்தைக் கூழாகத்தான் சாப்பிடுகிறார். 'சர்க்கரை சேர்க்காத ஆப்பிள்-வாழை' என்று போட்ட 90 கிராம் கொம்போட் (பழக்கூழ்) பையைத் தினம் ஒன்று கொடுக்கலாமா? – வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: சர்க்கரை இல்லை என்பது உங்கள் கேள்விக்குப் பதிலே அல்ல. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது, 5.6 என்பது இயல்பைவிட அதிகம்; பார்க்க வேண்டியது அதைத்தான். பையைத் திருப்பி, வாழை எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 100 கிராம் வாழையில் சுமார் 360 மில்லிகிராம் பொட்டாசியம், ஆப்பிளில் 100-தான். வாழை 30 விழுக்காடு என்றால் ஒரு பையில் 160 வரும். ஒரு வேளைக்கு 200-க்குள் என்ற வழக்கமான கணக்கில் அது தேறும். ஆனால் ரத்தத்தில் 5.6 இருப்பவருக்குத் தினமும் வேண்டாம். தனி ஆப்பிள் பை வாங்குங்கள். கொய்யா 400-ஐத் தாண்டும், மாம்பழம் 170. தைப்பூசப் பஞ்சாமிர்தம் நாக்கு நுனியோடு நிற்கட்டும்: வாழை, பேரீச்சை, வெல்லம் மூன்றிலும் பொட்டாசியம் ஏராளம்.

பிரான்சிலிருந்து வரும் பல பைகளில் பொட்டாசியம் அளவு எழுதியிருக்காது. ஐரோப்பிய விதி கட்டாயப்படுத்தவில்லை. உப்பையும் சர்க்கரையையும் போடச் சொன்னவர்களுக்கு இதையும் சொல்ல என்ன கேடோ! அதனால் நீங்களே சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். 'கொன்சாந்த்ரே' என்றிருந்தால் தண்ணீரை வற்றவைத்த கூழ். பொட்டாசியம் அப்படியே தங்கிச் செறிந்திருக்கும். பட்டியலில் வரும் சேர்ப்புப் பொருள் எண்களில் ஈ 332, ஈ 340 இரண்டும் பொட்டாசிய உப்புகள், தவிருங்கள். ஈ 202-ஐக் கண்டு பதற வேண்டாம், கெடாமலிருக்கச் சிறிதளவே சேர்ப்பார்கள்.

'சிறுநீரகத்தைக் கழுவும் பழக்கூழ்' என்று வாட்ஸ்அப்பில் புட்டி விற்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள். இப்படி விற்கப்படும் நோனிப் பழச் சாற்றில் ஆரஞ்சுச் சாற்றுக்கு இணையான பொட்டாசியம் உண்டு. 'இயற்கையானது' என்ற சொல்லுக்கு அதைக் குறைக்கும் சக்தி இல்லை.

இனி கறம்போல், நம் நட்சத்திரப் பழம். இதற்குக் கணக்கே கிடையாது: ஒரு துண்டும் ஆகாது, சாறும் கூழும் ஆகாது. இதில் பொட்டாசியம் அதிகமில்லை என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதிலுள்ள கராம்பாக்சின் என்ற நச்சை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதானது வெளியேற்றாது, அது மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், பிறகு வாந்தி, குழப்பம், வலிப்பு. பாதிப்பழத்திலேயே வந்தவர்கள் உண்டு. விக்கல் தொடங்கினாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், பழத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். உடனடி டயாலிசிஸ்தான் வழி. 'எக்சோட்டிக்' என்று எழுதிய கலவைக் கூழை, பட்டியல் முழுதும் படிக்காமல் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்வது மலிவு. ஆப்பிளைத் தோல் சீவி, சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மசியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். அரை கப் போதும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறாரா? அவையும் பொட்டாசியத்தை ஏற்றும். மருந்துச் சீட்டையும் 5.6 தாளையும் இந்த வாரமே மருத்துவர் மேசையில் வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு படபடத்தாலோ கைகால் தளர்ந்தாலோ அன்றே போங்கள்.