38 வயதிலும் கூச்சம் போகவில்லை, நரம்புத் தளர்ச்சியா டாக்டர்?

கேள்வி: எனக்கு 38 வயது. இடுப்பில் யார் விரல் பட்டாலும் துள்ளிவிடுவேன். போன மாதம் வயிற்று ஸ்கேனுக்குப் போனபோது ஜெல் தடவியதுமே சிரித்துச் சுருண்டுவிட்டேன். ஸ்கேன் எடுத்தவர் இரண்டு முறை நிறுத்த வேண்டியதாயிற்று. என் மாமியார் பத்து வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். 'என் உள்ளங்காலில் நீ கிச்சுகிச்சு மூட்டினாலும் தெரியாது. உனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி' என்கிறார். நான் பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. வலி, எரிச்சல் இல்லாத வெறும் கூச்சம் நோயே இல்லை. உங்கள் தோலும் நரம்பும் நன்றாகவே வேலை செய்கின்றன.

நம் விலாவை நாமே குத்திக்கொண்டால் சிரிப்பு வருவதில்லை, கவனித்திருப்பீர்கள். கை எங்கே படப்போகிறது என்று சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வை அடக்கிவிடுகிறது. லண்டனில் மூளை ஆய்வாளர் சாரா ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் 1998இல் மூளை ஸ்கேன் மூலம் இதைக் காட்டினார்கள். அடுத்தவர் கை என்றால் இந்தக் கணிப்புக்கு வழியில்லை. ஸ்கேன் அறையில் நடந்ததும் அதுதான். சில்லென்ற ஜெல், புது ஆளின் கை, அது அடுத்து எங்கே நகரும் என்று தெரியாத தவிப்பு! வயது ஏற ஏறப் பலருக்கும் கூச்சம் குறையும். ஆனால் தொடு உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். 'தொடப்போகிறார்கள்' என்ற எதிர்பார்ப்பே சிலரை முன்னதாகச் சிலிர்க்க வைத்துவிடும்.

கூச்சமுள்ளவர்களின் வயிற்றைப் பரிசோதிக்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. நோயாளியின் உள்ளங்கையையே அவர் வயிற்றில் வைக்கச் சொல்லி, அதன் மேல் எங்கள் கையை வைத்து அழுத்துவோம். தன் கையும் சேர்ந்து நகர்வதால் உடம்பு மெல்ல இறுக்கம் தளரும். அப்புறம் எங்கள் விரல்களைக் கீழே நழுவ விடுவோம். அடுத்த ஸ்கேனின்போது 'எனக்குக் கூச்சம் அதிகம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் எடுப்பவர் கைமேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். லேசாக வருடினால்தான் அதிகம் கூசும், அழுத்திப் பிடித்தால் குறையும்.

இன்னொன்று. வீட்டில் விளையாட்டாகக் கிச்சுகிச்சு மூட்டுபவர்களிடம், பிடிக்கவில்லை என்றால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தச் சிரிப்பு தானாக வருவது, சந்தோஷத்தில்தான் வருகிறது என்றில்லை. குழந்தைகளும் 'போதும்' என்றால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும்.

எனக்குக் கவலை உங்கள் மாமியாரைப் பற்றித்தான். சுகர் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்தால் அதை வயசு என்று விட்டுவிடக் கூடாது. 'செருப்பு கழன்று விழுந்ததே தெரியல டாக்டர்' என்று காலில் புண்ணோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. சில நிமிடம்தான், வலிக்காது. இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள். அதுவரை வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், இரவில் அவர் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.