சம்பவத் தேதிதான் கணக்கு

கேள்வி: 2024 மார்ச்சில் என் தம்பி ஓட்டிப் போன வேன் மோதி ஒருவர் இறந்துவிட்டார். கவனக்குறைவு என்று வழக்கு. சாட்சி விசாரணை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பழைய சட்டத்தில் 2 வருஷம், புதுச் சட்டத்தில் 5 வருஷம் என்கிறார்கள். தீர்ப்பு வரும்போது புதுச் சட்டம்தானே இருக்கும்? பயமாக இருக்கிறது ஐயா.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: 5 வருஷம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது, உங்கள் தம்பி விஷயம் மார்ச்சில் நடந்தது, அதனால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவுதான், அதிகபட்சம் 2 வருஷம் அல்லது அபராதம் அல்லது இரண்டும். தீர்ப்புத் தேதி எதுவாக இருந்தாலும் சரி. குற்றம் நடந்த அன்று சட்டத்தில் இருந்த தண்டனைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனம் 20(1)-லேயே இருக்கிறது. பழைய வழக்குகள் பழைய சட்டப்படியே தொடரும் என்று புதுச் சட்டத்தின் 358-ஆம் பிரிவும் சொல்லிவிட்டது.

சரி, தண்டனை குறைந்தால்? அங்கேதான் சுவாரஸ்யம். கூட்டினால் பின்னோக்கிப் போகாது, குறைத்தால் போகலாம். 1964-ல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், 16 வயதுப் பையனுக்கு மாஜிஸ்திரேட் சிறைத்தண்டனை கொடுத்த பிறகுதான் அந்த மாவட்டத்துக்கு நன்னடத்தைச் சட்டமே (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விடுவிக்க வழிசெய்யும் சட்டம்) வந்தது, ஆனாலும் அந்தச் சலுகை அவனுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது (மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை). ஆனால் குறைத்தாலே எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2001-ல் போதைப்பொருள் சட்டத்தில் அளவுக்குத் தகுந்த தண்டனை என்று மாற்றியபோது, விசாரணையில் இருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது, அப்பீலில் இருந்தவர்களுக்கு இல்லை. 2004-ல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது. எனக்கென்னவோ அது இன்னும் ஜீரணமாகவில்லை, கேஸ் சீக்கிரம் முடிந்தவருக்குத்தானே நஷ்டம்!

அப்புறம் ஒரு வேலை: வக்கீலிடம் குற்றப்பத்திரிகை நகலை வாங்கி, பிரிவு எண் 304-ஏ என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். புதுச் சட்டத்தின் 106 என்று இருந்தால், அடுத்த வாய்தாவிலேயே சம்பவத் தேதியைக் காட்டி ஆட்சேபம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.